எழுதியாயிற்று என்றால் எழுதியாயிற்றா?

தரவுத்தளத்துக்கென்று சர்வர் வாங்குபவர்கள் பிராசஸரின் வேகத்தையும் வட்டின் கொள்ளளவையும்தான் முதலில் விசாரிக்கிறார்கள். இந்தக் கருவிகளின் வரலாறோ வேறொன்றை முதலில் விசாரிக்கச் சொல்கிறது: எழுதியாயிற்று என்று வட்டு சொல்லும்போது, பதிவு உண்மையிலேயே ஏறியிருக்கிறதா? 1956இல் ஐபிஎம் வெளியிட்ட ராமாக் கணினியின் வட்டு அலகில் 50 தட்டுகள் சுழன்றன. கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். அதே நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்திலிருந்து எட்கர் காட் 1970இல் தொடர்புசார் தரவுத்தளக் கோட்பாட்டை வெளியிட்டார். தகவல் வட்டில் எங்கே கிடக்கிறது என்ற கவலை பயனருக்கு இனி வேண்டாம் என்றது அது. அந்தக் கவலை மறையவில்லை, சர்வரைப் பராமரிப்பவர் தலைக்கு மாறியது.

ஒரு பரிவர்த்தனை முடிந்தது என்று சொல்லும் முன் அதன் குறிப்பு லாக் கோப்பில் வட்டேறியிருக்க வேண்டும்; இது இத்தகைய தரவுத்தளங்களின் அடிப்படை விதி. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் வட்டு, நொடிக்கு 120 சுற்றுதான் சுற்றும். லாக்கின் அடுத்த இடம் எழுதுமுனைக்குக் கீழே வரக் காத்திருக்க வேண்டியிருப்பதால், ஒரே இணைப்பில் அடுத்தடுத்து வரும் கமிட்டுகள் (பரிவர்த்தனை முடிப்புகள்) நொடிக்கு ஏறக்குறைய 120தான். 15,000 சுற்று வட்டுக்கு 250. பல இணைப்புகளின் கமிட்டுகளைச் சேர்த்து எழுதினால் மொத்தம் கூடும் என்பது சரியே. ஆனால் ஒற்றை இணைப்பில் ஒரு மலிவு வட்டு ஆயிரக்கணக்கில் காட்டினால், அது கேச் என்ற தற்காலிக நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டே முடிந்தது என்கிறது. மின்சாரம் போனால் அந்தப் பதிவுகளும் போகும். பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகியோர் 1988இல் பெர்க்லியிலிருந்து முன்வைத்த, பல வட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு முறை, வட்டு பழுதானால் தகவலைக் காத்தது. எழுதும் தாமதத்தைத் தீர்க்கவில்லை. ரெய்டு 5இல் ஒரு சிறு மாற்றத்துக்கு இரண்டு வாசிப்பும் இரண்டு எழுத்தும் தேவை. எழுதும் பளு மிகுந்த இடங்களில் பாதிக் கொள்ளளவை இழந்தும், இரட்டைப் பிரதி வைக்கும் ரெய்டு 10ஐப் பலர் தேர்ந்தது அதனால்தான். தாமதத்தைக் குறைத்தது, பேட்டரியால் காக்கப்பட்ட கேச் கொண்ட கன்ட்ரோலர். அந்தப் பேட்டரிக்கும் ஆயுள் உண்டு. அது தேய்ந்ததும் பல கன்ட்ரோலர்கள் கேச்சை விட்டு நேரே வட்டில் எழுதத் தொடங்கும். நேற்றுவரை ஓடிய சர்வர் இன்று காரணம் தெரியாமல் தள்ளாடும்.

இரட்டைப் பிரதி இருக்கும்போது இவ்வளவு பயம் ஏன் என்று கேட்கலாம். ஒரே மின்வெட்டில் இரு வட்டுகளின் கேச்சும் காலியாகும் என்பது முதல் பதில். பழுதின் அளவையும் நாம் குறைவாகவே மதிப்பிடுகிறோம். ஷ்ரோடரும் கிப்சனும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உற்பத்தியாளர்களின் விவரத்தாள்கள் ஆண்டுக்கு அதிகபட்சம் 0.88 சதவீதப் பழுது என்ற இடத்தில், வட்டுகளை மாற்றிய விகிதம் சாதாரணமாக 2 முதல் 4 சதவீதம் இருந்தது.

சுழலாத எஸ்.எஸ்.டி. வந்தபின் இதெல்லாம் பழங்கதை என்பது வலுவான மறுப்பு. காத்திருப்பு குறைந்தது உண்மை. ஆனால் அதற்குள்ளும் மின்சாரம் போனால் அழியும் கேச் இருக்கிறது. அதைக் காக்கும் கெப்பாசிட்டர்கள் எல்லா மாடல்களிலும் இல்லை. மேகச் சேவையில் பொறுப்பு கைமாறுகிறது, கேள்வி அப்படியே இருக்கிறது. அமேசான் அரோரா ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று வளாகங்களில் ஆறு பிரதிகள் வைத்து, நான்கில் ஏறிய பிறகே எழுதியதாக ஒப்புக்கொள்கிறது. ஆகவே வாங்கும்போது மின்வெட்டுப் பாதுகாப்பு உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். உண்மைத் தகவலை ஏற்றும் முன், சோதனைப் பளு ஓடும்போதே மின்கம்பியைப் பிடுங்கி, முடிந்தது என்று சொன்ன பதிவுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.