ஸ்கடர் வீட்டுப் பெண் - 4: மூன்று பேர் வந்த ராத்திரி

சென்ற வாரம் ஐடாவைத் திண்டிவனம் மிஷன் பங்களாவில் கொண்டுவந்து விட்டிருந்தோம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் போனதும், அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த பெண் கப்பலேறி வந்துவிட்டாள். அப்போது 1890-களின் தொடக்கம். அவளுக்கு இருபது வயசு. அம்மா எழுந்து நடமாட ஆரம்பித்ததும் ஊரைப் பார்க்கத் திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் போட்டிருந்த கணக்கு.

ஸ்கடர் என்ற பெயர் திண்டிவனத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. விடுதலை நாளன்று சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் படித்தது அங்கிருக்கும் வால்டர் ஸ்கடர் பள்ளியில்தான். ஆனால் அந்தக் குடும்பப் பெயரையே பாரமாக நினைத்த ஒரு பெண்ணும் அந்தக் குடும்பத்தில் இருந்தாள்.

தாத்தா ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் நல்ல வரும்படியுள்ள டாக்டர். ஒரு நோயாளி வீட்டில் காத்திருந்தபோது அங்கே கிடந்த மிஷன் துண்டுப் பிரசுரம் ஒன்றை எடுத்துப் படித்தார். 1819-இல் மனைவியோடு கப்பலேறிவிட்டார். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தார். பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகளில் பெரும்பாலோர் அதே வழியில் போனார்கள். ஆற்காடு மிஷன் என்பதே ஏறக்குறைய அந்த அண்ணன் தம்பிகள் நடத்தியதுதான். அவர்களில் ஒருவரான இரண்டாம் ஜான் ஸ்கடரும் டாக்டர்; ஐடாவின் அப்பா. ஐந்து ஆண் பிள்ளைகளுக்குப் பிறகு 1870 டிசம்பரில் ராணிப்பேட்டையில் பிறந்த ஒரே பெண் ஐடா.

பெருமைப்பட வேண்டிய வம்சம்தான். அவள் ஏன் ஓடினாள்?

விவரம் தெரிந்த நாளில் அவள் கண்ட முதல் காட்சி தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் துடைத்தெடுத்த அந்தப் பஞ்சத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேல் செத்தார்கள் என்பது மதிப்பீடு. சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலைக்கு வரும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று முடிவு கட்டினார். அரைக் கிலோவுக்கும் குறைவான தானியத்தில் ஒரு ஆள் மண் சுமக்க வேண்டும்! மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது கொலைக்குச் சமம் என்ற தோரணையில் எதிர்த்து எழுதினார். அதே காலத்தில் இந்தியக் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது.

ஐடாவுக்கு இந்த அரசியல் எதுவும் தெரியாது. ஆறேழு வயசுக் குழந்தை. பங்களாவுக்கு வந்த பிள்ளைகள் கையை உயர்த்தித் தின்னக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தார்கள். ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து அவர்கள் வாயில் வைப்பது அவள் வேலை. தன் வயசுப் பிள்ளைகளுக்கு! அந்த நினைவு அவளை இந்தியாவின் பக்கம் இழுக்கவில்லை, எதிர்ப்பக்கம் தள்ளியது.

அடுத்த அடி வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. 1878-இல் குடும்பம் அமெரிக்கா போனது. சில வருஷத்தில் அப்பா இந்தியா திரும்பினார், பின்னாலேயே அம்மாவும். பெண்ணைச் சிகாகோவில் உறவினர் பாதுகாப்பில் விட்டுவிட்டார்கள். அம்மா கிளம்பிய ராத்திரி, காலியான அறைக்குள் ஓடி அவளுடைய தலையணையில் முகம் புதைத்து அழுதாள் ஐடா. மிஷன் என்ற சொல்லே பெற்றோரைப் பறித்துக்கொண்ட சொல்லாகிவிட்டது. பிறகு நார்த்ஃபீல்டில் டி. எல். மூடி என்ற புகழ்பெற்ற போதகர் நிறுவிய பெண்கள் பள்ளியில் சேர்ந்தாள். பக்திமயமான இடம், இவளோ குறும்புக்காரி. நீயும் கடைசியில் மிஷனரியாகத்தான் போவாய் என்று தோழிகள் சீண்டினால் பொத்துக்கொண்டு கோபம் வரும். ஆசிரியர்கள் எவ்வளவு சொல்லியும் அந்தப் பிடிவாதம் அசையவில்லை.

இந்தப் பிடிவாதத்தோடுதான் திண்டிவனத்தில் உட்கார்ந்திருந்தாள். விழுப்புரம் தனி மாவட்டமாக இன்னும் நூறு வருஷம் இருந்தது. அப்போது எல்லாம் தென்னார்க்காடு.

அன்று ராத்திரி அவள் தன் அறையில் விளக்கடியில் இருந்தாள். வராந்தாவில் காலடிச் சத்தம். எட்டிப் பார்த்தால் ஒரு பிராமண இளைஞர். மனைவிக்கு இடுப்பு வலி கண்டு நெடுநேரமாகிவிட்டது, சின்னப் பெண், மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். அம்மா வந்து காப்பாற்ற வேண்டும் என்றார்.

தனக்கு ஒன்றும் தெரியாது, அப்பாதான் டாக்டர், எழுப்பி அனுப்புகிறேன் என்றாள் ஐடா. இளைஞர் பின்வாங்கினார். அந்நிய ஆண்பிள்ளை வீட்டுக்குள் வந்து தன் மனைவியைத் தொடுவதா? அதற்கு அவள் சாவதே மேல் என்ற பதில்தான் வந்தது. நானும் கூட வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். நடக்கவில்லை. வந்தவர் இருட்டில் இறங்கிப் போய்விட்டார்.

அவள் அப்பாவிடம் போய்ச் சொன்னாள். அவருக்கு இது பழகிய கதை. எத்தனை வாசல்களிலிருந்து இப்படித் திரும்பியிருப்பார்!

மறுபடி காலடிச் சத்தம். மனசு மாறி அந்த இளைஞரே வந்துவிட்டாரா? இல்லை, ஒரு முஸ்லிம். அதே கோரிக்கை. இந்தத் தடவை ஐடா அப்பாவையே முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். இருவரும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். கோஷாப் பெண்ணை வெளி ஆண் பார்க்கக் கூடாது என்று அவரும் போய்விட்டார்.

மூன்றாவது முறை கதவு தட்டப்பட்டபோது நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். வந்தவர் ஒரு முதலியார். அவர் சொன்னதும் வேறல்ல.

ஐடாவுக்கு அன்று தூக்கமில்லை. பொழுது புலர்கிற நேரத்தில் ஊருக்குள்ளிருந்து சாவு மேளம் கேட்டது. வேலையாளை அனுப்பி விசாரித்தாள். அவர் வந்து சொன்ன செய்தி: மூன்று பெண்களும் போய்விட்டார்கள்.

அந்த மூவரின் பெயரை, இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னவர்கள் குறித்துவைக்கவில்லை. கணவர்கள் மூவருடைய சாதியும் மதமும் மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கின்றன.

இந்த ராத்திரியை மூடநம்பிக்கைக் கதையாகச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-இலேயே மேரி ஷார்லிப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அதே ஷார்லிப்பின் முயற்சியில் 1885-இல் கோஷா ஆஸ்பத்திரியும் வந்தது. ஆக, பெண்களுக்குப் பெண் வைத்தியம் பார்ப்பது சாத்தியம் என்று சர்க்காருக்குத் தெரியும். அதெல்லாம் பட்டணத்தோடு நின்றது. ரயில் பாதை திண்டிவனம் வரை வந்துவிட்டது, பெண் டாக்டர்தான் வரவில்லை. அந்த வருஷங்களில்தான், 1891-இல், பெண்ணின் சம்மத வயசைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தச் சட்டம் வந்தது. அதற்கே நாடு முழுக்க எதிர்ப்பு. இடுப்பெலும்பு முழுசாக வளராத பெண்கள் பிள்ளை பெறப் போராடிச் செத்ததற்குக் கணவனின் வறட்டு மானம் மட்டுமா காரணம்?

ஐடா இவ்வளவு தூரம் யோசித்திருக்க மாட்டாள். அவளை அறைந்தது வேறு. தாத்தா காலத்திலிருந்து குடும்பம் சேர்த்துவைத்த வைத்தியப் படிப்பு முழுக்க அப்பாவிடம் இருந்தது. வாசற்படியைத் தாண்ட முடியவில்லை. வாசலைத் தாண்ட அவளுக்கு அனுமதி இருந்தது, போய்ச் செய்யத்தான் ஒன்றும் தெரியவில்லை. அதுவரை மிஷனரியாக மாட்டேன் என்று அவள் மறுத்தது குடும்பத்தின் கட்டாயத்தை. அன்று காலை எவரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. பெற்றோரிடம் போய், அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துவிட்டுத் திரும்பி வருகிறேன் என்றாள்.

1895-இல் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தாள். மராட்டியப் பெண் ஆனந்திபாய் ஜோஷி 1886-இல் பட்டம் வாங்கிய அதே கல்லூரி. ஆனந்திபாய் பதினான்கு வயசில் பெற்ற குழந்தை பத்தே நாளில் இறந்தது; அந்தத் துக்கத்தில்தான் படிக்கப் போனார். ஊர் திரும்பி, வைத்தியம் பார்க்கத் தொடங்கும் முன்பே, இருபத்தொரு வயசில் காசநோயில் மறைந்தார். கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்ததும் ஐடா அங்கே மாறி, 1899-இல் டாக்டரானாள்.

படிப்பு கையில் இருந்தது; ஆஸ்பத்திரி கட்டப் பணம் இல்லை. வேலூரில் பெண்களுக்கென்று ஒன்று கட்ட எட்டாயிரம் டாலர் வேண்டும். கப்பல் புறப்பட நாள் நெருங்கிவிட்டது. கேட்ட இடங்களில் சொற்பமே கிடைத்தது. கடைசியில் நியூயார்க்கில் மிஸ் டேபர் என்ற அம்மாளைப் பார்க்கப் போனாள். திண்டிவனத்து ராத்திரியை ஆதியோடந்தமாகச் சொன்னாள். அந்த அம்மாள் அக்கறையாகக் கேட்டார், ஆனால் வாக்குறுதி எதுவும் தரவில்லை. ஐடா வெறுங்கையோடு படியிறங்கினாள்.

பக்கத்து அறையில் மனைவியை இழந்த முதியவர் ஒருவர், ஒரு வங்கியின் தலைவர், அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. மறுநாள் காலை அதே வீட்டிலிருந்து ஐடாவுக்கு அழைப்பு வந்தது.

(தொடரும்)