பழைய வண்டியும் மலைப்பாதையும்



பாயான் லெப்பாஸ் என்றதும் நம் நினைவுக்கு வருபவை விமான நிலையமும் தொழிற்சாலைகளும்தாம். விமான நிலையம் 1935-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டில் சுதந்திர வர்த்தக வலயம் வந்தபின், வயலும் கம்பமுமாக இருந்த நிலத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. ஆனால் அதே ஊரில் நின்று மேற்கே திரும்பிப் பார்த்தால் தெரிவது மலை. அதற்கு அப்பால் பாலிக் பூலாவ். டுரியான் தோப்புகள், ஜாதிக்காய்த் தோப்புகள். தார்ச்சாலை முடிந்த இடத்துக்கும் மேலே இருக்கும் தோப்புக்கு உரமூட்டை ஏற வேண்டும்; அங்கிருந்து பழக்கூடை இறங்க வேண்டும். இந்த வேலைக்கு மோட்டார் சைக்கிளை விட்டால் நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டிதான் துணை. அவற்றில் பல பழைய வண்டிகள். வாங்கியபடியே ஓடுபவை அல்ல. பட்டறையில் அறுத்து, ஒட்டி, உயர்த்தி, மாற்றப்பட்டவை.

இத்தகைய வண்டியின் வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். வண்டிக்கு என்ன வரலாறு என்று கேட்கலாம். ஒரு பழைய ஜீப்பையோ லேண்ட் ரோவரையோ அடியில் படுத்துப் பார்த்தால், அது எந்தப் பாதையில் எதற்காக ஓடியது என்பதை அதன் உடம்பிலேயே படிக்கலாம். ஒவ்வொரு மாற்றமும் ஒரு பாதை எழுதிய எழுத்து. அந்த எழுத்தைப் படிக்காமல் அழித்துவிடுகிறோம் என்பதே என் குறை.

தொடக்கம் போர்க்களத்தில். 1940-ஆம் ஆண்டில் அமெரிக்கப் படை, எடை குறைந்த, நான்கு சக்கர இழுவையுள்ள சிறு வண்டி வேண்டும் என்று கேட்டது. பாண்டம் என்ற சிறு நிறுவனம் அவ்வாண்டு செப்டம்பரில் முதல் வண்டியைக் கொடுத்தது. பெருமளவில் செய்தவை வில்லிஸும் ஃபோர்டும். போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் உருவாயின. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் படைகள் மலாயாவுக்குத் திரும்பியபோது ஜீப்பும் நம் மண்ணில் இறங்கியது.

போர் முடிந்த இங்கிலாந்தில் ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், ஆங்கில்சி தீவிலிருந்த தம் பண்ணையில் ஒரு பழைய படை ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். அது தேய்ந்துபோனால் அடுத்து என்ன வாங்குவது என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் லேண்ட் ரோவர். அதன் முதல் மாதிரியே ஜீப்பின் அடிச்சட்டத்தின் மேல் கட்டப்பட்டது. ஆக, லேண்ட் ரோவர் என்பதே ஒரு பழைய வண்டியை மாற்றியமைத்ததில் தொடங்கிய வண்டி! முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஜீப்பில் இருந்த 80 அங்குல இடைவெளி முதல் லேண்ட் ரோவரிலும் அப்படியே இருந்தது. 1948 ஏப்ரல் 30-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது உலகுக்குக் காட்டப்பட்டது. அக்காலத்தில் எஃகுக்குப் பங்கீடு, அலுமினியமோ தாராளம். ஆகவே அடிச்சட்டம் எஃகிலும் மேலுடல் அலுமினியக் கலவையிலும் அமைந்தன. இந்த இரண்டு உலோகங்களின் சேர்க்கை பின்னால் நமக்குத் தலைவலி தரப்போகிறது.

அதே 1948-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. 1960 ஜூலை 31 வரை நீடித்தது. காட்டோரச் சாலைகளிலும் தோட்டப் பாதைகளிலும் படையினரும் போலீஸாரும் ஓட்டிய வண்டிகளில் லேண்ட் ரோவருக்கு முக்கிய இடம் உண்டு. தோட்டத் துரைமார்களும் அதை வாங்கினர். துரை வாங்கினார் என்று எழுதிவைத்தவர்கள் உண்டு. அதை ஓட்டியவர், சேற்றில் தள்ளியவர், இரவோடிரவாகப் பிரித்துக் கோத்தவர் யார் என்று எழுதியவர்கள் குறைவு. அவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர் என்பதைத் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவசரகாலம் முடியாத அந்த நாட்களில் மலாயா வழியே ஒரு விசித்திரமான பயணம் நடந்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் அறுவர் 1955 செப்டம்பர் 1-ஆம் நாள் லண்டனிலிருந்து இரண்டு லேண்ட் ரோவர் ஸ்டேஷன் வேகன்களில் புறப்பட்டனர். ஒன்றுக்குக் கருநீலம், மற்றொன்றுக்கு வெளிர்நீலம். பெயர்களும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் என்றே. ஐரோப்பா, மேற்கு ஆசியா, இந்தியா, பர்மா, தாய்லாந்து கடந்து, மலாயாவின் நீளம் முழுவதும் இறங்கி, 1956 மார்ச் 6-ஆம் நாள் சிங்கப்பூர் சேர்ந்தனர். அறுவரில் ஒருவரான டிம் ஸ்லெஸ்ஸர் இதை ஒரு நூலாக எழுதினார். கருநீல வண்டியின் கதை அதோடு முடியவில்லை. அதற்குப் பிறகு வருவோம்.

நம் நாட்டில் இவ்வண்டிகள் நிலைத்து வாழ்ந்த இடம் கேமரன் மலை. படையும் தோட்டமும் கழித்துவிட்ட லேண்ட் ரோவர்கள் காய்கறி விவசாயிகளின் கைக்கு வந்தன. முட்டைக்கோசும் தக்காளியும் விளையும் சரிவுகளில் அவை இன்றும் ஏறுகின்றன. அங்கே போய்ப் பாருங்கள்: பின்புறக் கூரையை அறுத்தெடுத்துக் கம்பிச் சட்டம் அடித்திருப்பார்கள், கூடைகளை அடுக்க வசதியாக. சுமைக்காகப் பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்த்திருப்பார்கள். கதவே இல்லாத வண்டியும் உண்டு. நாளொன்றுக்கு நூறு முறை ஏறி இறங்குபவனுக்குக் கதவு எதற்கு? அழகு பார்ப்பவர் முகம் சுளிக்கலாம். எனக்கு அவை கச்சிதமான வண்டிகளாகவே தெரிகின்றன.

பினாங்கிலோ கதை வேறு. கொடிமலை என்று நாம் அழைக்கும் பினாங்கு மலைக்கு 1923-ஆம் ஆண்டு முதல் மலை ரயில் உண்டு. ஆனால் பூந்தோட்டத்தின் அருகிலிருந்து உச்சிக்குப் போகும் ஏறத்தாழ 5 கிலோமீட்டர்ப் பாதைக்கு ஜீப்புப் பாதை என்றே பெயர். சராசரியாக ஏழடிக்கு ஓரடி ஏற்றம். வளைவுகளில் அதற்கும் மேல். மேலே குடியிருப்போருக்கும் வேலை செய்வோருக்கும் வேண்டிய பொருள்களைச் சுமந்து இவ்வண்டிகள் ஏறி வந்திருக்கின்றன. 2017 நவம்பரில் பெய்த பெருமழையில் மலைச்சரிவுகள் இப்பாதையைப் பல இடங்களில் உடைத்தன. மலைவாசிகளுக்கு வண்டி எத்தகைய உயிர்நாடி என்பது அப்போது கீழே இருந்தவர்களுக்கும் புரிந்தது.

இப்பாதையில் ஏற்றத்தைவிட இறக்கமே சோதனை. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடி தளரும். இங்கேதான் இவ்வண்டியின் உயிர்ப்பகுதி பயன்படுகிறது. வழக்கமான கியர்ப் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு சிறிய பெட்டி உண்டு. எஞ்சினின் விசையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலை. அதிலேயே தாழ்ந்த பற்சக்கர வரிசை ஒன்றும் இருக்கிறது. பழைய லேண்ட் ரோவரில் சிவப்புக் குமிழுள்ள தண்டை இழுத்தால் அந்த வரிசை சேரும்; வேகம் பாதிக்கும் கீழே குறையும், இழுவிசை இருமடங்குக்கும் மேல் பெருகும். ஏறுவதற்கு மட்டுமல்ல, இறங்குவதற்கும் அதுதான் மருந்து. எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்.

சரி, பழைய வண்டி ஒன்று கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் எதைப் பார்ப்பது? இளைஞர்கள் டயரைப் பார்ப்பார்கள். அனுபவசாலி சிறு சுத்தியலை எடுத்துக்கொண்டு அடியில் புகுவார். அடிச்சட்டத்தைத் தட்டிக்கொண்டே போவார். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே துருவேறியது மொத்தென்று ஒலிக்கும். லேண்ட் ரோவரின் அடிச்சட்டம் தகடுகளைப் பற்றவைத்த பெட்டிக் குழாய். உள்ளே புகுந்த சேறு வெளியே வராது, அங்கிருந்தே அரிக்கும். எஃகும் அலுமினியமும் தொடும் இடங்களில் ஈரம் பட்டால், மின்கலத்தில் நடப்பதுபோலவே ஒன்று மற்றொன்றைத் தின்னும். பத்து மாங், பாயான் லெப்பாஸ் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று அந்த வேலையை விரைவுபடுத்தும். மேலே வண்ணம் பளபளக்கும். கீழே வண்டி இற்றுக்கொண்டிருக்கும்.

அடுத்தது எஞ்சின். பழைய பெட்ரோல் எஞ்சின் எண்ணெயை மிகுதியாகக் குடிக்கும். பழைய டீசல் எஞ்சினுக்கு வலு குறைவு. ஆகவே ஜப்பானிய டீசல் எஞ்சினைக் கொண்டுவந்து உட்காரவைப்பது பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. அதிலும் ஒரு வரலாற்று வேடிக்கை இருக்கிறது. 1951-ஆம் ஆண்டில் டொயோட்டா தன் முதல் ஜீப்பு வகை வண்டியை ஃபூஜி மலையின் ஆறாவது நிலைவரை ஏற்றிக்காட்டியது. அந்த வண்டியின் வாரிசான லேண்ட் குரூசர், பின்னாளில் உலகின் பல காடுகளில் லேண்ட் ரோவரின் இடத்தைப் பிடித்தது. வெளியே போட்டியாளர்கள், நம் பட்டறையிலோ ஆங்கிலேய உடம்புக்குள் ஜப்பானிய இதயம்!

வலுவான எஞ்சினை வைத்தால் எல்லாம் சரியா? இல்லை. வலு ஏறும்போது ஒடியப்போவது எது என்று கேட்க வேண்டும். பழைய லேண்ட் ரோவரில் பெரும்பாலும் ஒடிவது பின் அச்சினுள் சக்கரத்தைச் சுழற்றும் அரைத்தண்டு. அனுபவமுள்ள ஓட்டுநர் உபரியாக ஒன்றை இருக்கைக்கடியில் வைத்திருப்பார். அதைச் சக்கரத்தின் நடுவிலிருந்தே உருவியெடுக்கலாம். சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. உபரி இல்லாவிட்டால் ஒடிந்த துண்டுகளை எடுத்துவிட்டு முன் அச்சின் இழுவையிலேயே வீடு சேரலாம். இப்போது சிலர் தடித்த அரைத்தண்டைப் போடுகிறார்கள். தவறில்லை. ஆனால் ஒடிவு அங்கிருந்து உள்ளே நகர்ந்து பற்சக்கரத்தைத் தாக்கக்கூடும். முன்பு அரைமணி நேரத்தில் வழியில் முடிந்த வேலைக்கு, இப்போது வண்டியைக் கயிறுகட்டி இழுத்துவர வேண்டும்.

உயர்த்துவதும் இப்படித்தான். பெரிய டயர் போட்டு ஸ்பிரிங்கை உயர்த்தினால் கல்லும் மரவேரும் அடியில் இடிக்காது. ஆனால் எடையின் மையமும் உயர்கிறது. சரிவில் பக்கவாட்டில் சாயும் வண்டி முன்னைவிட விரைவில் கவிழும். பெரிய டயரைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் விசை வேண்டும். பிரேக் மட்டும் பழையபடியே இருக்கும். தோட்டத்து வண்டிகளின் பின்னால் ஆட்களும் ஏறுகிறார்கள் என்பதை நினைத்தால், இரண்டு அங்குலம் என்பது சிறிய அளவல்ல. நம் நாட்டில் 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், எஞ்சினை மாற்றினாலும் உடலமைப்பை மாற்றினாலும் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். இதைத் தொல்லை என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. மலை இறக்கத்தில் எதிரே வருபவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள்.

ஆற்றைக் கடக்கும் வண்டிக்குக் காற்றுக்குழாயைக் கூரைவரை உயர்த்துகிறார்கள். காரணம் எளிது: காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. எஞ்சினுள் தண்ணீர் புகுந்தால் பிஸ்டன் தண்டு வளைந்துவிடும். இதைப் பலர் அறிவர். அச்சின் மூச்சுத்துளையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஓடிச் சூடான அச்சு ஆற்றில் இறங்கியதும் குளிரும். உள்ளிருக்கும் காற்று சுருங்கி வெளித்தண்ணீரை உறிஞ்சும். எண்ணெய் பால்போல வெளுக்கும். சில வெள்ளி பெறுமான இரப்பர்க் குழாயை அத்துளையில் மாட்டி மேலே கொண்டுபோய்விட்டால் போதும். பெரிய செலவு செய்த வண்டிகள் இச்சிறு குழாய் இல்லாமல் கெட்டுப்போவதுண்டு.

வேலைக்காக மாற்றிய வண்டி எப்போது விளையாட்டுக்கு வந்தது? 1980-இல் தொடங்கிய கேமல் டிராஃபி என்ற காட்டுப் பயணப் போட்டி 1993-இல் சபாவில் நடந்தது. 1997 முதல் நம் நாட்டிலேயே மழைக்காடு சவால் என்ற போட்டி, பெரும்பாலும் ஆண்டிறுதி அடைமழைக் காலத்தைத் தேடிப்பிடித்து நடத்தப்பட்டு வந்திருக்கிறது. அதிலிருந்து விஞ்ச் எனப்படும் இழுவைச் சுருளும், கூரைக் கூண்டும், ஆழ்ந்த பல்லுள்ள டயரும் ஊர்ப் பட்டறைகளுக்கு இறங்கி வந்தன. பயனும் உண்டு, பகட்டும் உண்டு. மரத்தில் எஃகுக் கம்பியை நேரே சுற்றி இழுத்தால் பட்டை உரிந்து மரம் பட்டுப்போகும். அகலமான நாடாவைச் சுற்றியே இழுக்க வேண்டும். இறுகிய கம்பி அறுந்தால் ஆளைக் கொல்லும். அதன் அருகே எவரையும் நிற்கவிடக் கூடாது.

இனி அந்தக் கருநீல வண்டிக்கு வருவோம். கேம்பிரிட்ஜ் என்ற வண்டி பிறகொரு பயணத்தில் ஈரான் நாட்டுப் பள்ளத்தில் விழுந்து அழிந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பறவை ஆராய்ச்சியாளர்களோடு தென் அட்லாண்டிக் கடலுக்குப் போய், செயின்ட் ஹெலினா தீவில் தங்கிவிட்டது. பல்லாண்டுகளுக்குப் பிறகு, 2017-ஆம் ஆண்டில் ஓர் ஆர்வலர் அதை இங்கிலாந்துக்கு மீட்டுவந்து ஓடவைத்தார். 2019 ஆகஸ்ட் 25-ஆம் நாள் அது சிங்கப்பூரிலிருந்து, போன திசைக்கு எதிர்த்திசையில் புறப்பட்டது. உடன் வருவதாக இருந்த டிம் ஸ்லெஸ்ஸருக்கு அப்போது வயது 87. உடல்நலம் இடங்கொடாததால் அவருடைய பேரன் அந்த இருக்கையில் அமர்ந்தார். மீண்டும் மலேசிய மண்ணைக் கடந்து, அவ்வாண்டு டிசம்பர் 14-ஆம் நாள் வண்டி லண்டன் சேர்ந்தது. அதற்கு நூலும் நிழற்படங்களும் சாட்சியாக இருந்தன.

நம் தோப்பு வண்டிக்கு அப்படிப்பட்ட சாட்சி ஏதுமில்லை. இப்போது பழைய வண்டிக்கு நல்ல விலை கிடைக்கிறது. வாங்குபவர் அதை 1958-இல் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே ஆக்கிவிட ஆசைப்படுகிறார். பின்னால் அடித்த கம்பிச் சட்டத்தைப் பெயர்க்கிறார். தண்டவாளத் துண்டில் செய்த இழுகொக்கியை எறிகிறார். கூடுதல் ஸ்பிரிங் பட்டையைப் பழைய இரும்புக்குப் போடுகிறார். துருவேறிய அடிச்சட்டத்தை மாற்றத்தான் வேண்டும், ஐயமில்லை. ஆபத்தான ஒட்டுவேலையையும் நீக்கத்தான் வேண்டும். ஆனால் பிரிப்பதற்கு முன் நான்கு புறமும் அடியிலும் படமெடுத்து வைக்கலாம். விற்றவரிடம் கேட்கலாம்: இந்தக் கொக்கி எதை இழுத்தது? இந்தச் சட்டத்தைப் பற்றவைத்த பட்டறை எது? அந்தப் பட்டறைக்காரர்களில் பலர் இன்று எண்பதைக் கடந்தவர்கள். வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளும் ஏட்டிலேயே அவர்கள் சொல்வதற்கும் இரண்டு பக்கம் ஒதுக்கலாம்.