'ஹீ' என்றால் யார்?

நெமிலிச்சேரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சாயங்காலங்களில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். பிரதிப்பெயர்ச்சொல் பாடத்தில் 'எவ்ரிஒன் மஸ்ட் டூ ........ ஹோம்வொர்க்' என்றொரு கோடிட்ட இடம். கைடில் விடை 'ஹிஸ்'. ஒரு மாணவி கேட்டாள்: "எல்லாரும்னா நாங்களும்தானே சார்? அப்புறம் ஏன் ஹிஸ்?"

"அப்படி எழுதுனாத்தாம்மா மார்க்" என்றேன். சொல்லிமுடித்ததும் கூச்சமாக இருந்தது.

ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் இப்படியான இடத்தில் 'தெயர்' தாராளமாக வந்தது. 'ஹீ' எல்லோரையும் குறிக்கும் என்று 18ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள் விதி செய்தார்கள். அவர்களில் முந்தியவர் ஆன் ஃபிஷர் என்கிற பெண் என்பது ஒரு வேடிக்கை. 1850இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இதைச் சட்டமாக்கியது: சட்டங்களில் வரும் ஆண்பாற் சொல் பெண்ணையும் உள்ளடக்கும். பத்தாண்டு கழித்து அது நம்மிடமும் வந்துசேர்ந்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், எட்டாவது பிரிவு: 'ஹீ' என்கிற பிரதிப்பெயர் ஆண், பெண் யாரையும் குறிக்கும். ஒரு காலனிய அரசு தன் குற்றவியல் பிரதியின் தொடக்கத்திலேயே இலக்கணப் பாடம் நடத்தியது.

ஆக, தண்டனை என்று வரும்போது பெண் 'ஹீ'க்குள் அடக்கம். உரிமை என்று வந்தபோது? கல்கத்தாவில் சட்டம் படித்துத் தேறிய ரெஜினா குஹா, அலிப்பூர் கோர்ட்டில் பிளீடராகப் பதிவுசெய்ய விண்ணப்பித்தார். சட்டத்தொழில் பற்றிய 1879ஆம் ஆண்டுச் சட்டமும் 'ஹீ' என்றுதான் பேசியது. ஆண்பாற் சொல் பெண்ணையும் குறிக்கும் என்ற பொதுவிதியை அவர் தரப்பு எடுத்துக்காட்டியது. 1916இல் கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள். இந்த இடத்தில் 'ஹீ' என்றால் ஆண் மட்டும்தானாம். 1868இல் மான்செஸ்டர் பெண்கள் வாக்குரிமை கேட்டபோது இங்கிலாந்து நீதிமன்றம் சொன்னதும் ஏறக்குறைய இதையேதான். ஒரே சொல் சிறைவாசலில் அகலமாகத் திறக்கிறது, கோர்ட் வாசலில் வக்கீலாக நுழையப்போனால் மூடிக்கொள்கிறது. 1923இல் தனிச்சட்டம் போட்டுத்தான் இந்தத் தடையை நீக்க வேண்டியிருந்தது.

தமிழில் 'அவர்' இருக்கிறதே என்று நாம் மார்தட்ட ஒன்றுமில்லை. பாலைக் காட்டாத அந்தச் சொல் யாருக்குக் கிடைக்கும், யார் கடைசிவரை 'அவன்', 'அவள்' என்பதைச் சாதியும் வர்க்கமும் முடிவுசெய்து வந்திருக்கின்றன. செயின் பறித்துப் பிடிபட்டவன் செய்தித்தாளில் 'அவன்'; வங்கியை ஏப்பம் விட்டவர் 'அவர்'.

2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டம் இல்லை. அதன் இடத்தில் வந்த பாரதீய நியாய சன்ஹிதாவின் இரண்டாம் பிரிவில் 'ஹீ'க்குள் ஆண், பெண்ணோடு திருநரும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். சந்தோஷப்பட வேண்டிய சேதிதான். ஆனால் அதே சட்டத்தில் பாலியல் வல்லுறவு பற்றிய பிரிவைப் படித்துப் பாருங்கள். அங்கே பாதிக்கப்படுபவர் பெண் மட்டும்தான். குறைந்தபட்சத் தண்டனை பத்து ஆண்டு. திருநர் மீதான பாலியல் கொடுமைக்கு 2019ஆம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டம் தருவது அதிகபட்சமே இரண்டு ஆண்டு. குற்றவாளியாக உள்ளே வா, பாதிக்கப்பட்டால் வெளியே நில் என்கிற 1860இன் தர்க்கம் அப்படியேதான் தொடர்கிறது.

மறுவாரம் அந்த மாணவியைக் கூப்பிட்டு, 'தெயர்' என்றும் எழுதலாம், தப்பில்லை என்றேன்.

"பரீட்சையில எழுதுனா மார்க் போடுவாங்களா சார்?"

திருத்துகிறவரைப் பொறுத்தது என்றேன். நோட்டில் 'ஹிஸ்'ஸை அடித்துவிட்டு 'தெயர்' என்று எழுதினாள். பிறகு அதன் மேல் பென்சிலால், சின்னதாக, 'ஹிஸ்' என்றும் எழுதிவைத்துக்கொண்டாள்.