வெயிலை அளந்த சிறு தாள்

பிலிம் சுருள் ஒன்றை வாங்கினால், அதன் பெட்டிக்குள்ளே மடித்து வைத்த சிறு தாள் ஒன்றும் கிடைத்த காலம் இருந்தது. மணல் அல்லது பனி மீது விழும் கடும் வெயில், சாதாரண வெயில், மெல்லிய முகில் மறைத்த வெயில், முகில் மூடிய வெளிச்சம், திறந்தவெளி நிழல் என்று ஐந்து சிறு படங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஓர் எண். பலர் அதைப் பார்க்காமலே எறிந்துவிட்டனர். ஆனால் அந்த ஐந்து எண்களை எட்டுவதற்கு மனிதருக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் தேவைப்பட்டன.

பிரான்ஸ் நாட்டின் நியெப்ஸ், 1826 அல்லது 1827இல் தமது வீட்டு யன்னலிலிருந்து எடுத்த படமே இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய கமராப் படம். அதற்கு எட்டு மணி நேரம் ஒளி தேவைப்பட்டது என்று நீண்ட காலம் சொல்லப்பட்டது. பல நாட்கள் ஆகியிருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர் சிலரின் கருத்து. அப்படத்தில் கட்டடங்களின் இரு பக்கச் சுவர்களிலும் வெயில் விழுந்திருக்கிறது. கமரா பார்த்துக்கொண்டிருக்கையிலேயே சூரியன் வானைக் கடந்துவிட்டது.

1839இல் டாகேரின் முறை வெளியானபோது அந்த நேரம் நிமிடங்களாகக் குறுகியது. 1851இல் பிரெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் அறிமுகப்படுத்திய ஈரத் தகட்டு முறை அதை மேலும் குறைத்தது. ஆயினும் எவ்வளவு நேரம் தகட்டைத் திறந்து வைப்பது என்பது கைப்பழக்கமாகவே இருந்தது. அந்தத் தகட்டுக்கு வேறொரு குறையும் உண்டு. நீல ஒளியை அது விரைவாக உணரும். சிவப்பை ஏறக்குறைய உணராது. ஆகவே வானம் வெளுத்துப் போகும், மண்ணிறத் தோல் உள்ளதைவிடக் கறுத்துத் தெரியும். 1875இல் இலங்கைக்கு வந்து குடியேறிய ஜூலியா மார்கரெட் கமரன் களுத்துறையில் இந்நாட்டு மக்களைப் படமெடுத்தபோது கையாண்டது இந்த முறையைத்தான். 1879இல் இங்கேயே காலமான அவரது கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது.

கைப்பழக்கத்தைக் கணக்காக மாற்றியவர்கள் இருவர். இங்கிலாந்தின் விட்னஸ் நகரில் இரசாயனத் தொழிற்சாலையோடு தொடர்புடைய பேர்டினண்ட் ஹேர்ட்டர், வேரோ டிரிபீல்ட் என்போரே அவர்கள். திகதி, பகலின் நேரம், இடத்தின் அகலக்கோடு ஆகியவற்றைக் கொண்டு ஒளிபடு நேரத்தைக் காட்டும் நகர்கோல் கருவி ஒன்றுக்கு 1888இல் காப்புரிமை பெற்றார்கள். தகட்டில் விழும் ஒளிக்கும் அதில் படியும் கருமைக்கும் உள்ள தொடர்பை 1890இல் வெளியிட்டார்கள். அவர்களுடைய கருவி காட்சியைப் பார்க்கவில்லை, சூரியனையே கணக்கிட்டது. இந்த வேறுபாடு முக்கியமானது.

பிலிம் பெட்டித் தாளின் விதியும் அவ்வழி வந்ததே. தெளிந்த வெயிலில் துவாரத்தை எஃப் 16இல் வையுங்கள். பிலிமின் வேக எண்ணை அடியாகக் கொண்ட பின்னமே ஷட்டர் வேகம். ஐ.எஸ்.ஓ. 100 என்றால் 1/100 செக்கனுக்கு மிக அருகிலுள்ள 1/125. வெண்மணற் கடற்கரையில் எஃப் 22. மெல்லிய முகிலுக்கு எஃப் 11, நிழல் விழாத வெளிச்சத்துக்கு எஃப் 8, கனத்த முகிலுக்கும் திறந்தவெளி நிழலுக்கும் எஃப் 5.6. ஓடும் விளையாட்டு வீரரைப் பிடிக்க வேண்டுமானால் எஃப் 8இல் 1/500 என்று மாற்றிக்கொள்ளலாம். உட்புகும் ஒளியின் அளவு அதேதான். வெயில் நமக்கு ஏறி இறங்குவதாகத் தோன்றினாலும், சூரியன் உயர்ந்து வானமும் தெளிந்திருந்தால் நிலத்தில் விழும் ஒளி பெரிதும் மாறுவதில்லை. காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்திருக்கும் வேளைகளுக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது.

1932இல் வெஸ்டன் நிறுவனத்தின் செலீனிய ஒளிமானி சந்தைக்கு வந்தது. 1938இல் கொடாக் நிறுவனம் துவாரத்தைத் தானே தெரிவு செய்யும் கமராவை விற்றது. 1963இல் டொப்கொன் கமரா வில்லையினூடாக வரும் ஒளியையே அளந்தது. வசதி பெருகியது, ஆனால் அளக்கும் பொருள் மாறிவிட்டது. கமராவிலுள்ள ஒளிமானி காட்சியில் விழும் ஒளியை அளப்பதில்லை. காட்சியிலிருந்து திரும்பி வரும் ஒளியையே அளக்கிறது. எதிரே இருப்பது சராசரிச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொள்கிறது. வெள்ளைச் சுவரைக் கண்டால் வெளிச்சம் அதிகமென்று கருதி மங்கலாக்கும். அச்சுவர் முன் நிற்கும் கரிய முகம் அதனால் இன்னும் இருண்டு போகும்.

எமது பத்திரிகைகளில் இதனைப் பல ஆண்டுகளாகக் கண்டிருக்கிறோம். வெள்ளைச் சீருடையில் பரிசு பெறும் மாணவி, வெள்ளை வேட்டியில் நிற்கும் விவசாயி, வெண்சுதை பூசிய கோயில் மதில் முன் கூடிய அடியார்கள். துணி துல்லியமாக அச்சாகும், முகம் மைத்திட்டாகும். ‘அச்சகத்தின் குறை’ என்று பழியை அங்கே போடுவது வழக்கம். பல வேளைகளில் குறை ஷட்டர் விழுந்த கணத்திலேயே நிகழ்ந்துவிட்டது. யாருடைய முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதை இயந்திரத்தின் சராசரிக் கணக்கு தீர்மானித்துவிட்டது. தாளின் விதியோ விழும் ஒளியை மட்டுமே கருதுவது. வெள்ளை வெள்ளையாகவும், கறுப்பு கறுப்பாகவும், மண்ணிறம் மண்ணிறமாகவும் வரும். சூரியன் முகத்துக்குப் பின்னால் இருந்தால் துவாரத்தை இரண்டு படி திறக்கச் சொல்லும்.

1941ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், நியூ மெக்சிகோவின் ஹேர்னாண்டஸ் கிராமத்தில், மாலை வெயில் கல்லறைச் சிலுவைகளில் மங்கிக்கொண்டிருந்தபோது அன்சல் அடம்ஸினால் தமது ஒளிமானியைத் தேடிப் பிடிக்க இயலவில்லை. நிலவின் ஒளிர்வு எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம். நிலவு சூரிய ஒளியில் கிடக்கும் பாறைதானே! அந்த எண்ணிலிருந்து கணக்கிட்டு ஒரு படத்தை எடுத்தார். இரண்டாவதற்கு ஆயத்தமாகும் முன் சிலுவைகளில் வெயில் இல்லை. அந்த ஒற்றைப் படமே அவரது மிகப் புகழ்பெற்ற படைப்பாயிற்று. 1969இல் அப்பல்லோ 11 வீரர்கள் நிலவில் பயன்படுத்திய ஹசல்பிளாட் கமராவிலும் ஒளிமானி இல்லை. பிலிம் பேழையின் மேல் ஒட்டிய சிறு அட்டவணையே வழிகாட்டியது.

இன்றைய கமராக்கள் முகத்தை அடையாளம் கண்டு அளக்கின்றன, பிழைகள் குறைந்துள்ளன. ஆனாலும் சராசரிக்கு வெளியே நிற்பவர் தொடர்ந்து இருக்கவே செய்கிறார். கமரா வைத்திருப்பவர்கள் ஒரு நண்பகலில் அதனைக் கைமுறைக்கு மாற்றி, ஐ.எஸ்.ஓ. 100, 1/125, எஃப் 16 என்று வைத்து, வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவரை வெயிலில் நிறுத்திப் படமெடுத்துப் பாருங்கள். தானியங்கி எடுத்த படத்தை அதனருகே வைத்து, முதலில் முகத்தைப் பாருங்கள்.