குருந்தக் கல்லும் சிவகாசிக் கத்தியும்

சிவகாசியைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்னும் மூன்றையும் வரிசையாகச் சொல்லி, நேரு அவ்வூரைக் 'குட்டி ஜப்பான்' என்று வியந்ததாக வழங்கும் செய்தியையும் சேர்த்து முடித்துவிடுவது சம்பிரதாயமாகிவிட்டது. அம்மூன்று தொழில்களுக்கும் அடியில், ஊர்ப்பெருமையின் ஜாபிதாவில் ஏறாத நான்காவது தொழில் ஒன்றும் உண்டு. மரத்தைச் சீவியும் காகிதத்தை அறுத்தும் மழுங்கிப்போன அலகுகளுக்கு மறுபடியும் கூர்மை ஏற்றித் தருகிற சாணைத் தொழிலே அது.

என் பால்யத்தில் விருதுநகர்த் தெருக்களில் வந்த சாணைக்காரர், சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆசனத்தில் அமர்ந்து மிதித்தே முன்னாலிருந்த கல்லைச் சுழற்றுவார். அவருக்கு முந்திய தலைமுறையில் இத்தொழிலுக்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒருவர் அச்சில் சுற்றிய தோல்வாரை மத்துக் கடைவதுபோல் மாறி மாறி இழுக்க, மற்றவர் எதிரே குந்தியிருந்து கத்தியைக் கல்லில் வைப்பாராம். அரிவாள்மனைக்கு ஒரு கூலி, வெட்டரிவாளுக்கு ஒரு கூலி. கத்தரிக்கோலுக்கு மட்டும் சற்று அதிகம். ஏன் அதிகம் என்பது எனக்குப் பிற்காலத்திலேதான் விளங்கிற்று. ஒருமுறை அவசரத்துக்கு யாரோ ஒரு வழிப்போக்கரிடம் என் தாயாரின் தையல் கத்தரிக்கோலைக் கொடுத்தோம். அவர் வெளிச்சரிவோடு நில்லாமல் உட்பக்கத்தையும் தேய்த்துவிட, அன்று முதல் அது துணியை வெட்டாமல் மென்றுகொண்டிருந்தது. இரண்டு அலகுகளும் ஒன்றையொன்று உரசி நகரவேண்டிய அந்த உட்புறத்தில் கல் படலாகாது என்பது சாணைக்காரரின் அரிச்சுவடி.

'சாணை' என்பது வடமொழியின் 'சாணம்' என்பதிலிருந்து வந்தது என்பர். அந்தக் கல்லுக்கு உயிராயிருந்த பொருளின் பெயரோ நம்முடையது. குருந்தம் அல்லது குருவிந்தம் என்று நம்மவர் வழங்கிய கனிமமே ஐரோப்பிய மொழிகளில் 'கொரண்டம்' என்று நுழைந்தது. 1798-இல் சார்லஸ் கிரெவில் என்பவர் லண்டன் ராயல் சொஸைட்டியில் ஆசியாவிலிருந்து கிடைத்த இக்கல்லைப் பற்றி ஒரு கட்டுரையே சமர்ப்பித்தார். கடினத்தில் வைரத்துக்குப் பத்து என்றால் இதற்கு ஒன்பது. கொங்கு நாட்டுச் சித்தம்பூண்டிப் பக்கத்தில் அகப்படுகிற இக்கல்லைப் பொடித்து, சலித்து, இளந்தீயில் உருகிய அரக்கோடு பிசைந்து, தட்டையாக வட்டித்து, நடுவில் துளையிட்டுச் செய்ததே நம் பழைய சாணைச் சக்கரம்.

இந்தச் சக்கரத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. அரக்கு ஏறக்குறைய 80 பாகை வெப்பத்திலேயே இளகத் தொடங்கிவிடும். தோய்ச்சல் கொடுத்த எஃகு வைக்கோல் நிறம் காட்டித் தன் பதத்தை இழக்கத் தொடங்குவதோ 200 பாகைக்கு மேலேதான். ஆகையால் அழுத்திப் பிடிக்கிற அவசரக்காரனுக்கு முதலில் கல்தான் கெடும், கத்தி தப்பித்துக்கொள்ளும். பொறுமையை வேறு யாரும் போதிக்க வேண்டியிருக்கவில்லை, கல்லே போதித்தது. பிற்காலத்துச் சூளைக் கற்கள் வந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. கல் அசையாது, கத்தியின் விளிம்புதான் கண்மூடித் திறப்பதற்குள் நீலம் பாய்ந்து, காய்கறிக்குக்கூட உதவாமற் போகும்.

அந்தப் புதிய கற்களின் வரலாற்றிலும் நம் சொல்லே ஒளிந்திருக்கிறது. அமெரிக்கரான அச்செஸன் 1891-இல் மின்சார உலையில் ஒரு புதுப் பொருளைக் கண்டெடுத்து, அது கார்பனும் கொரண்டமும் சேர்ந்த கூட்டு என்று தவறாக எண்ணி, 'கார்போரண்டம்' என்று பெயரிட்டார். அதில் கொரண்டம் துளியும் இல்லை, அது சிலிக்கன் கார்பைடு என்று பிறகு தெளிந்தபோதிலும் பெயர் நிலைத்துவிட்டது. அப்பெயர் தாங்கிய கம்பெனி 1954-இல் முருகப்பா குழுமத்தாரோடு கூடிச் சென்னையில் தொழில் தொடங்க, சேலம் பக்கத்து மண்ணிலிருந்து கப்பலேறிப் போன குருந்தம் என்ற சொல், உலகைச் சுற்றி, பிழையான உருவத்தில், திருவொற்றியூர் வழியாக நம் சாணைக்காரரிடமே திரும்பி வந்தது!

சிவகாசிக்கு வருவோம். விருதுபட்டி விருதுநகர் என்று பெயர் மாறிய அதே 1923-ஆம் ஆண்டில்தான், கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் மழை பொய்த்த அக்கரிசல் பூமியில் அதை ஊன்றினார்கள். தீக்குச்சி என்பது பார்வைக்கு அற்பமான வஸ்து. ஆனால் மட்டி மரத்துண்டைச் சுழலவிட்டு, நீண்ட அலகொன்றை அதன்மேல் சார்த்தி, பாய் விரிவதுபோல் மெல்லிய ஏடாக உரித்து, பின் அந்த ஏட்டை நறுக்கினால்தான் குச்சி கிடைக்கும். அலகு மழுங்கினால் ஏடு சிலும்பும். சிலும்பிய குச்சி உரசும்போது முறியும். பெட்டிமேல் ஒட்டுவதற்கு அணிலும் காகமும் வேண்டியிருந்ததால் லேபிள் அச்சு பிறந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்றுபோக, பட்டாசு ஆலைகள் பெருகின, லேபிள்களும் பெருகின. ஒரு தாளில் பல லேபிள்களை அச்சிட்ட பின் அவற்றைப் பிரித்துத் தருவதற்கென்று கட்டிங் மெஷின் வந்து சேர்ந்தது.

இந்த மெஷினின் கத்திதான் சாணைக்காரருக்கு உண்மையான பரீட்சை. மூன்று நான்கு அடி நீளம். முதுகு மெத்தென்ற இரும்பு, விளிம்பில் மட்டும் கடின எஃகுப் பட்டை. பின்புறம் கண்ணாடிபோல் சமம், முன்புறம் இருபதும் சில்லறையுமான பாகையில் ஒரே சரிவு. நடுவில் ஒரு மயிரிழை குழிந்தாலும் கட்டின் அடித்தாள்கள் அறுபடாமல் தொங்கும். விளிம்பில் கடுகளவு பல் விழுந்தாலும், அறுத்த தினசரிக் காலண்டர்க் கட்டின் பக்கவாட்டில், முதல் தேதியிலிருந்து டிசம்பர் முடிய, நகத்தால் கீறினாற்போல் ஒரு கோடு ஓடும். ஆடிப்பெருக்கன்று புது வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டு ஆர்டர் பிடிக்கத் தொடங்குகிற ஊர் அது. அன்று முதல் மார்கழி வரை இக்கத்திகளுக்கு ஓய்வில்லை.

ஒரு பட்டறையில் நின்று பார்த்தேன். நீண்ட மேடையில் கத்தியைப் பூட்டி, பால்போன்ற குளிர்நீர் இடைவிடாது ஒழுக, கல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்துகொண்டிருந்தது. கத்தியைக் கொண்டுவந்திருந்த அச்சகத்தார் அவசரப்பட்டார். "அண்ணாச்சி, பல்லு அரை மில்லி ஆழத்துக்கு விழுந்திருக்கு. அவ்வளவையும் ஒரே பிடியா எடுத்தா விளிம்பு வெந்துபோகும். டீ குடிச்சிட்டு வாங்க" என்றார் பட்டறைக்காரர், யந்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே. கடைசியில் மெஷினை நிறுத்தி, எண்ணெய்க்கல்லைக் கையில் எடுத்து, பின்புறத்தில் படுக்கவைத்து மெல்ல இழுத்தார். விளிம்போடு ஒட்டியிருந்த பிசிறு கண்ணுக்குத் தெரியாத நூலாக உதிர்ந்தது. அரக்குக் கல் போதித்த பொறுமையை இப்போது மனிதர் தாமே கைக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பட்டாசு ஆலைக்குள் சாணைக்கு இடமே இல்லை. 1884-ஆம் வருஷத்து வெடிபொருட் சட்டத்தின் கீழ் நடக்கிற அவ்வளாகங்களில் மருந்து புழங்கும் அறைக்கு இரும்பே ஆகாது. மரமும் பித்தளையும்தான் கருவிகள். ஒற்றைப் பொறி எத்தனை உயிர்களுக்கு யமனாகும் என்பதை அந்த வட்டாரம் வருஷந்தோறும் துக்கத்தோடு அறிந்துவருகிறது. ஆகவே காகிதக் குழாய்க்குத் தாள் வெட்டுகிற கத்திக்குக் கூர்மை வேண்டுமானால், கத்திதான் மரப்பெட்டியில் படுத்துக்கொண்டு ஊருக்குள் வரவேண்டும்.

தேய்ந்து தேய்ந்து அகலம் குறைந்து, கீழ்க்கட்டையை எட்டமுடியாமற்போன கத்திகளை நறுக்கி அடுக்களைக் கத்தி செய்கிறவர்கள் உண்டு. என் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது. சென்ற மாதம் தெருவில் வந்த சாணைக்காரரிடம், அதன் பூர்வோத்தரம் எதுவும் சொல்லாமல், பழைய அரிவாள்மனையோடு சேர்த்துக் கொடுத்தேன். அரிவாள்மனையைக் கல்லில் வைத்தபோது பொறிகள் மத்தாப்பூப்போல் வெண்மஞ்சளாகக் கிளைத்துச் சிதறின. கத்தியை வைத்தார், மங்கிய சிவப்பில், கிளையில்லாமல், குட்டையாக நாலு பொறி விழுந்தது. அவர் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கத்தியைத் திருப்பிப் பார்த்தார்.

"இது சிவகாசிக் கட்டிங் மெஷின் பிளேடுல்ல அண்ணாச்சி? இதுக்கு நேரமாகும், உக்காருங்க."