குற்றாலத்தின் குளிர்ச்சி யார் தந்தது?

குளிர்நாட்டு வீடுகளில் சூடேற்றும் ரேடியேட்டருக்குப் பின்னால் சிறு விசிறி வைப்பதுண்டு. விசிறி வெப்பத்தை உண்டாக்குவதில்லை. இருக்கிற வெப்பத்தை அறைக்குள் விரைவாகக் கொண்டு சேர்க்கிறது. குற்றாலத்தின் கதை இதன் மறுபக்கம். ஊட்டியையும் கொடைக்கானலையும் போல இது உயரத்தால் குளிர்ந்த ஊரல்ல. கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர்கூட இல்லை. இருந்தும் கம்பெனிக் காலத்து வெள்ளை அதிகாரிகள் நெல்லைச் சீமையின் வெயிலுக்குத் தப்பி இங்கே பங்களா கட்டினார்கள். காரணம், செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவில் மலைத்தொடர் தாழ்ந்து கணவாயாக இருப்பது. ஜூன் முதல் தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசலில் நெருக்குண்டு, சாரலையும் சுமந்து விரைந்து வருகிறது.

அருவிதான் குளிர்ச்சிக்குக் காரணம் என்பார் பலர். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அருவி கொட்டத்தான் செய்கிறது. ஆனால் அதைச் 'சீசன்' என்று யாரும் சொல்வதில்லை. அருவியின் பங்கை நான் மறுக்கவில்லை. ஈரத்தை அது தரலாம், ஊருக்குள் கொண்டுவருவது காற்று. பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய தென்காசி விசுவநாதர் கோயிலின் கோபுர வாசலில் நின்றால் இது புரியும். நுழைபவரை மேலைக்காற்று எதிர்த்துத் தள்ளும். இதைச் சிற்பியின் மாயம் என்பது ஊர்ப் பெருமை. உயர்ந்த சுவரில் குறுகிய வழி கிடைத்தால் காற்று வேகம் கூடுவது இயல்பே. கணவாய் பெரிதாகச் செய்வதைக் கோபுர வாசல் சிறிதாகச் செய்கிறது. இன்று தென்காசிக்குக் கிழக்கே சுரண்டை வரை நிற்கும் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அந்தக் கணவாய்க் காற்றே.