கண்ணும் செவியும்

2014 அக்டோபர் 30. தங்கச்சிமடத்து மீனவர் ஐவருக்குக் கொழும்பு உயர் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்த செய்தி வந்த மாலையில், நான் அவ்வூரில் அம்மாச்சி வீட்டில் இருந்தேன். தொலைக்காட்சி முன் கூடியிருந்த முகங்களிலெல்லாம் அச்சம் உறைந்திருந்தது. எண்பது கடந்த அம்மாச்சி எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "என்ன, ஒருத்தரும் சாப்பிடாம உக்காந்திருக்கீக?" என்றாள். "வயசாக வயசாக மனசு கல்லாப்போச்சு" என்று சின்னம்மா முணுமுணுத்தார். நானும் அப்படித்தான் எண்ணினேன். தெருக்கோடியில் ஒரு பெண்ணின் அழுகுரல் எழுந்ததும், கம்பை ஊன்றிக்கொண்டு முதலில் வாசலுக்கு விரைந்தவள் அம்மாச்சியே.

மெய்ப்பாட்டியலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துபவன் நான். நகை முதல் உவகை ஈறாக எட்டையும் மாணவர்கள் ஒப்பித்துவிடுவார்கள். அவ்வியலின் இறுதி நூற்பாவைத்தான் நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். மெய்ப்பாடு காண்பவனிடத்தும் ஓர் ஆற்றலை வேண்டுவது. கண்ணாலும் செவியாலும் திண்ணமாக உணர்வார்க்கன்றிப் பிறர்க்கு அது அரிது என்கிறார் தொல்காப்பியர். வள்ளுவரோ குறிப்பறிதலுக்குப் பொருட்பாலில் ஒன்று, இன்பத்துப்பாலில் ஒன்று என இரண்டு அதிகாரங்கள் தந்து, முகத்தையும் கண்ணையுமே பெரிதும் பேசுகிறார்.

ஐரோப்பாவில் இத்துறையின் தொடக்கத்தில் நிற்பது ஒரு கிழவரின் முகம். பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862இல் வெளியிட்ட நூலில், பல்லிழந்த ஒரு முதியவரின் முகத்தசைகளை மின்சாரத்தால் இயக்கி எடுத்த படங்கள் உள்ளன. டார்வின் 1872இல் தம் நூலில் அவற்றுட் சிலவற்றை எடுத்தாண்டார். அந்த முதியவர் பிறர் முகத்தை எவ்வாறு படித்தார் என்று அன்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அக்கேள்வி வலுப்பெற நூறாண்டுக்கு மேலாயிற்று. எக்மன், ஃபிரீசன் இருவரும் 1976இல் வெளியிட்ட கறுப்பு வெள்ளை முகப்படங்களே பிற்காலச் சோதனைகள் பலவற்றுக்கு அடிப்படை. 2008இல் ரஃப்மனும் உடனாய்வாளரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். சினம், துயரம், அச்சம் ஆகியவற்றை முகத்தில் அடையாளம் காண்பதில் முதியோர் இளையோரைவிடப் பின்தங்கினர்; அருவருப்பில் அச்சரிவு இல்லை. (இதனை இளிவரலோடு ஒன்றாக்கிவிடக் கூடாது. இளிவரலின் நிலைக்களன் நான்கனுள் ஒன்றாக மூப்பையே சொல்கிறது தொல்காப்பியம்!) மூளையில் நேரும் மாற்றங்கள் ஒரு காரணமாகலாம். பார்வை செல்லும் இடமும் மற்றொன்று: முதியோர் எதிரிலிருப்பவரின் கண்களைக் குறைவாகவும் வாயை மிகுதியாகவும் நோக்குகின்றனர், சினமும் அச்சமும் துயரமும் பெரிதும் கண்ணருகே குடிகொண்டவை. குரலை மட்டும் கேட்கும் சோதனைகளிலும் தளர்ச்சி உண்டு. ஆயினும் முகமும் குரலும் சேர்ந்து வருகையில் முதியோர் பெறும் பயன் மிகுதி என்று 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று.

ஐவரும் அவ்வாண்டு நவம்பரிலேயே விடுதலையாகி வந்தனர். சின்னம்மா சொன்னது அன்று காதில் விழுந்ததா என்று அம்மாச்சியிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.